மர வளையங்களைக் கொண்டு பழைய மழையைக் கணிக்கிறார்களே, யாழ்ப்பாணத்து மரங்களில் அது முடியுமா?

கேள்வியைக் கேட்டவர், தம் பாட்டனார் கட்டிய வீட்டின் பனங் கைமரங்களை அறுத்துப் பார்த்தால் அக்காலத்து மழையை அறியலாமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கூரையைப் பிரிப்பதற்கு முன்பே அதற்கு விடை சொல்லிவிடுகிறேன்: அறிய முடியாது. பனை ஒருவித்திலைத் தாவரம். ஆண்டுதோறும் புதிய காழை, அதாவது மரப்பகுதியை, சுற்றிலும் படியவிடும் மாறிழையம் என்ற வளர்படை அதன் தண்டில் இல்லை. அதனால் எத்தனை ஆண்டு நின்ற பனையை அறுத்தாலும் நார்களின் புள்ளிகள் தெரியுமே தவிர வளையம் தெரியாது. வைரம் வெளிப்புறத்தில் உள்ளவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் நமது பனை புல்லே. வளையத்தைத் தேடுபவருக்கும் அந்தப் பிரிவு பெரும்பாலும் பொருந்துகிறது என்பதை உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பித்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் வியப்புடன் சொல்லி வந்திருக்கிறேன்.

அப்படியானால் வேம்பு அகக்காழ், அதாவது உள்வைரம், உடையதுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வடபகுதியைத் தாக்கிய புயலுக்கு அடுத்த ஆண்டு என் தந்தையார் கிணற்றடியில் ஒரு வேப்பங்கன்றை நட்டார். அதன் வேர் கிணற்றுக் கட்டைப் பிளக்கத் தொடங்கியதால் 2013இல் தறித்தோம். நட்ட ஆண்டு ஐயமின்றித் தெரிந்த மரம் என்பதால், அடிப்பகுதியில் ஒரு வட்டத் துண்டை அறுத்தெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மாணவர் சிலரிடம் கொடுத்து எண்ணச் சொன்னேன். வயது 48 என்று வந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்து ஆரத்தில் 54 என்றும், கிணற்றை நோக்கிய பக்கத்தில் 61 என்றும் எண்ணினார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, நானும் மூன்று முறை எண்ணி மூன்று தொகைகளைப் பெற்றேன்.

வளையத்தை எண்ணுவதுதான் இந்த ஆய்வு என்ற எண்ணமே நான் செய்த முதல் தவறு. இத்துறையைத் தொடங்கிவைத்த ஏ. ஈ. டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மழையிலும், மழை மரத்திலும் பதிந்திருக்க வேண்டும் என்ற ஊகத்துடன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிசோனாவின் வறண்ட நிலத்துப் பைன் மரங்களை ஆராயத் தொடங்கினார். ஒரு மரத்தின் வளையங்கள் ஒல்லி, தடிப்பு, ஒல்லி, ஒல்லி என்று அமைந்த அதே ஒழுங்கு பல கிலோமீற்றர் தொலைவிலுள்ள மரத்திலும் அமைந்திருப்பதை அவர் கண்டார். ஒரே வறட்சியில் சேர்ந்து வருந்திய மரங்களுக்கு ஒரே தழும்பு இருக்கும். அந்த ஒழுங்கை மரத்துக்கு மரம் பொருத்திப் பார்க்கும்போது, ஒன்றில் விடுபட்ட வளையமும் இன்னொன்றில் போலியாகத் தோன்றிய வளையமும் தாமாகவே வெளிப்பட்டுவிடுகின்றன. உயிருள்ள மரத்தின் உட்பகுதி இறந்த மரத்தின் வெளிப்பகுதியோடும், அது பழைய கட்டடத்தின் உத்தரத்தோடும் பொருந்துமானால் தொடர் பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். 1929ஆம் ஆண்டு ஷோ லோ என்ற ஊரில் அகழ்ந்தெடுத்த எச்எச்-39 என்ற கருகிய மரத்துண்டு, ஆண்டு தெரிந்த தொடரையும், ஆண்டு தெரியாமல் தனியே நின்ற பழைய குடியிருப்புகளின் தொடரையும் இணைத்துவிட்டது. என் வேம்புக்கோ பொருத்திப் பார்க்க இரண்டாவது மரம் இல்லை.

இரண்டாவது தவறு, கிணற்றடி மரத்தைத் தேர்ந்தது. இந்த ஆய்வாளர்கள் செழிப்பான மரத்தை நாடுவதில்லை. பாறைச் சரிவிலும் மண் ஆழமற்ற மேட்டிலும் மழையை மட்டும் நம்பி நிற்கும் மரத்தைத்தான் நாடுகிறார்கள். நமது சுண்ணக்கல் நிலத்தில், நிலத்தடி நீருக்கு வேர்விட்டு, குளிக்கும் நீரையும் குடித்து வளர்ந்த வளவு மரத்துக்கு மழை பொய்த்த ஆண்டு எது என்று எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையைத் தவிரச் சித்திரை மாதத்திலும் சிறிது மழை பெய்கிறது. ஓராண்டில் இரு முறை வளர்ச்சி தூண்டப்படும் மரம் இரண்டு கோடுகளை இட்டுவிடக்கூடும். 48க்குப் பதிலாக 61 வந்ததற்கு இதையே முதற் காரணமாகக் கருதுகிறேன்.

வளையங்களைப் பொருத்தி முடித்த பின்னரும் அகலத்தை அப்படியே மழையாகப் படிக்க முடியாது. மரம் பருக்கப் பருக்க, அதே அளவு காழ் பெரிய வட்டத்தில் பரவ வேண்டியிருப்பதால் வளையம் மெலியும். அந்த வயதுப் போக்கை முதலில் கழித்துவிட வேண்டும். பிறகு, மழைமானியின் பதிவு உள்ள காலத்தில் ஒரு பகுதியை எடுத்து அகலத்துக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை வகுத்து, மீதிப் பகுதியில் அது சரியாக வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய தொடரையே பதிவில்லாத நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். மரத்தைத் தறிக்கவும் வேண்டியதில்லை. கையால் முறுக்கும் துளைக்கருவியால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு குச்சியை உருவி எடுத்தால் போதும்.

வெப்பமண்டல மரங்களுக்கு வளையமே இல்லை என்று நாங்கள் படித்த காலத்தில் சொன்னார்கள். அது முழு உண்மையன்று. ஜாவாத் தீவின் தேக்கு வளையங்களையும் மழையையும் ஒப்பிட்டு பெர்லாகே என்பவர் 1931இலேயே எழுதிவிட்டார். நமக்கு அண்மையில், கேரளத்துத் தேக்குகளைக் கொண்டு புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுத் தொடரை அமைத்திருக்கிறார்கள். வியட்நாமின் மலைக்காட்டில் நிற்கும் ஒருவகை ஊசியிலை மரங்களிலிருந்து பிரெண்டன் பக்லியும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட 979 ஆண்டுத் தொடர், 14ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் நீடித்த வறட்சியையும், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலும் கடுமையான ஒரு வறட்சியையும், இடையிடையே பெருமழையையும் காட்டியது. கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோர் தளர்ந்த காலம் அதுவே. அதே ஆண்டு எட்வர்ட் குக்கும் குழுவினரும் ஆசியாவின் 300க்கும் மேற்பட்ட மரவளையத் தொடர்களை இணைத்து வெளியிட்ட வறட்சி வரைபடத் தொகுதியில், 1876 முதல் 1878 வரையிலான பெருவறட்சி தெளிவாகத் தெரிகிறது. தமிழகத்து முதியோர் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி வந்ததும், ஆயிரக்கணக்கானோரை இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குத் துரத்தியதும் அதுதான்.

ஆயினும் கேரளத்துத் தேக்கைப் பார்த்து யாழ்ப்பாணத்து மழையைச் சொல்லத் துணியக்கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை இணையத்தில் பலர் கடைப்பிடிப்பதில்லை. அந்தத் தேக்கு முதன்மையாகத் தென்மேல் பருவக்காற்றின் மழையைக் குடிப்பது. அந்தக் காற்று நமக்குச் சோளகமாக வந்து புழுதியை மட்டும் வாரிச் செல்கிறது. நமது கிணறுகளை நிரப்புவது வடகீழ்ப் பருவக்காற்று. இலங்கையில் தேக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம் என்பதால் அதில் பல நூற்றாண்டுத் தொடரையும் எதிர்பார்க்க முடியாது. எனவே வன்னிக் காட்டில் மெல்ல வளரும் பாலை, முதிரை போன்றவற்றில்தான் தேட வேண்டியிருக்கும் என்பது என் கருத்து.

அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வளையம் தெளிவற்றிருந்தாலும் வேறு வழிகள் உள்ளன. வெப்பமண்டலத்தில் பெருமழை பெய்யும்போது அந்த நீரில் ஒட்சிசன்-18 என்ற கனமான சமதானியின், அதாவது வழக்கமானதைவிட எடை கூடிய ஒட்சிசன் அணுவின், பங்கு குறைகிறது. அந்தக் குறைவு மரத்தின் செலுலோசிலும் பதிகிறது. கோடுகள் ஆண்டுக்கு ஒன்றுதானா என்ற ஐயத்தைத் தீர்க்க அணுகுண்டு உதவுகிறது. 1950களில் பெருகிய வளிமண்டலச் சோதனைகளால் காற்றிலிருந்து மரங்கள் உள்வாங்கும் காபன்-14 என்ற கதிர்வீச்சுள்ள காபன் வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இரு மடங்காகி, 1963ஆம் ஆண்டின் தடை உடன்படிக்கைக்குப் பின் ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருக்கிறது. 1965இல் நட்ட என் வேம்பு அந்த இறக்கத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் வைத்திருக்கிறது. வட்டத் துண்டு இன்றும் என் வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறது. நடுவிலிருந்து இருபதாவது கோட்டில் சில மில்லிகிராம் எடுத்து, அதற்கான கருவி உள்ள ஆய்வுகூடம் ஒன்றில் அளந்தால், அது 1985ஆம் ஆண்டின் காற்றா, 1981ஆம் ஆண்டின் காற்றா என்று தெரிந்துவிடும். மாணவர் எண்ணிய 61இல் எத்தனை கோடுகள் சித்திரை மழை இட்டவை என்பதையும் அங்கிருந்து கணக்கிடலாம்.