கர்ப்பப் பரிசோதனை கிட்: 10 வாங்கலாமா, 25 போதுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. எட்டு மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். நாள் தள்ளுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே தினமும் ஒரு கிட் போட்டுப் பார்க்கிறேன், மாதத்துக்கு ஏழெட்டு செலவாகிறது. சில பெட்டியில் 10 என்றும் சிலவற்றில் 25 என்றும் போட்டிருக்கிறது. விலை கூடிய 10 வாங்கினால் சீக்கிரம் தெரியுமா? போன மாதம் காலையில் கோடே இல்லாத ஸ்ட்ரிப்பை ராத்திரி எடுத்துப் பார்த்தால் மங்கலாக ஒரு கோடு இருந்தது. இரண்டு நாளில் மாதவிடாய் வந்துவிட்டது. அது என்ன?

பதில்: முதலில் அந்த ராத்திரிக் கோடு. அது உங்களை எவ்வளவு படுத்தியிருக்கும் என்று தெரிகிறது. ஸ்ட்ரிப்பில் ஊறிய சிறுநீர் காய்ந்துபோனால், டெஸ்ட் கோடு வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் வெறும் தடம் ஒன்று தெரியும். உண்மையான பாசிட்டிவ் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கண்ட்ரோல் கோட்டின் (கிட் வேலை செய்கிறது என்று காட்ட எப்போதும் விழும் கோடு) நிறத்திலேயே இருக்கும், பெட்டியில் சொன்ன 3 அல்லது 5 நிமிடத்துக்குள் வந்துவிடும். பத்து நிமிடம் தாண்டிவிட்டால் அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், திரும்ப எடுத்துப் பார்க்காதீர்கள்.

அந்த 10, 25 என்பது, ஒரு மில்லி சிறுநீரில் ஹெச்சிஜி ஹார்மோன் எத்தனை மில்லி யூனிட் இருந்தால் கோடு விழும் என்ற கணக்கு. எண் குறைந்தால் நுட்பம் அதிகம், அது உண்மைதான். ஆனால் கரு கருப்பையில் ஒட்டினால்தான் அந்த ஹார்மோன் சிறுநீருக்கே வரும். கருமுட்டை வெளியாகி 8 முதல் 10 நாளில் பலருக்கு ஒட்டும், சிலருக்கு 12 நாள்கூட ஆகும். அதன்பிறகு ஆரம்ப நாட்களில் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இன்று 10 இருந்தால் நாளை மறுநாள் 20, அதற்கு அடுத்த நாள் 25-ஐத் தாண்டிவிடும். ஆக நீங்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது இரண்டு மூன்று நாள்தான், கரு இன்னும் ஒட்டாத நாளில் போட்டால் அதுவும் கிடையாது.

இன்னொன்று, சொட்டு விடும் கிட், நேரடியாகச் சிறுநீரில் பிடிக்கும் குச்சி, எழுத்தில் பதில் காட்டும் டிஜிட்டல், எல்லாவற்றுக்கும் உள்ளே வேலை செய்வது அதே மாதிரி ஒரு காகிதப் பட்டைதான். மற்றதெல்லாம் பிளாஸ்டிக்குக்கும் திரைக்கும் கொடுக்கும் காசு. வெறும் ஸ்ட்ரிப்பை மொத்தமாக வாங்குங்கள், காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது மாதத்துக்கு மூன்று ஸ்ட்ரிப். நாள் தள்ளிய அன்று காலை முதல் சிறுநீரில் ஒன்று, ராத்திரி முழுக்கத் தண்ணீராகக் குடித்துவிட்டுப் போடாதீர்கள், நீர்த்துப்போகும். இல்லை என்றால் மூன்று நாள் விட்டு ஒன்று, அப்புறம் ஒரு வாரம் தள்ளியபின் ஒன்று. மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் போட்டால் போதும். கருமுட்டை வெளியாக ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, ஊசி மருந்தே இரண்டு வாரம் வரை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், மருத்துவர் சொன்ன நாளில்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வயதில் எட்டு மாதம் என்பது பயப்படும் காலம் இல்லை. ஒரு வருடம் ஆகியும் நிற்காவிட்டால் இருவருமே சேர்ந்து வாருங்கள், உங்களை மட்டும் தனியாகச் சோதித்துப் பயனில்லை. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையை இன்றே ஆரம்பித்துவிடுங்கள், அதற்கு கிட் பாசிட்டிவ் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றும் நெகட்டிவ், மாதவிடாயும் வரவில்லை என்றால் ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி பார்த்துவிடலாம். கோடு விழுந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலியோ, ரத்தப்போக்கோ, தோள்பட்டை வலியோ, தலைசுற்றலோ வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தாலும் கிட் பாசிட்டிவ்தான் காட்டும், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.