நன்றாக வியாபாரம் செய்தவர் நிலத்தில் பணம் போட்டு நொடித்துப்போனதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். அவர் கணக்கை எழுதியவனே நான்தான்.

சேலம் செவ்வாய்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம். 90 கிலோ மூட்டைகள் லாரி லாரியாக வடக்கே போகும். (அங்கே விரத நாளில் ஜவ்வரிசிதான் சாப்பாடு; நவராத்திரிக்கு முன்னால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.) விலை இறங்கப்போகிறது என்று மூக்கில் வியர்த்துவிட்டால் மறுநாளே நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டுக் கைகழுவிவிடுவார் முதலாளி. அவர் கெட்டிக்காரத்தனமே அதுதான்.

2011 வாக்கில் ஓமலூர் பக்கம் நிலத்தில் இறங்கினார். முதலில் கிரயமே கிடையாது. கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து ஆறு மாதக் கெடுவில் அக்ரிமெண்ட் போடுவார். கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு இன்னொருவர் வருவார். பத்திரம் நேரே அந்த இன்னொருவர் பெயருக்குப் போகும். 10 லட்சம் போட்டு நாலு மாதத்தில் 18 லட்சமாக எடுத்த அன்றே மூட்டை வியாபாரம் அவருக்குச் சலித்துவிட்டது. "தம்பி, ஜவ்வரிசி புழுக்கும். மண்ணு புழுக்குமா?" என்றார்.

அப்புறம் 2 வட்டிக்கு (மாதம் 100-க்கு 2 ரூபாய்) கடன் வாங்கி, ஏக்கர் கணக்கில் கிரயம் செய்து, மனை பிரித்துக் கல் நட்டார். டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இல்லை, பஞ்சாயத்துக் கையெழுத்து மட்டும். அப்போது பலரும் அப்படித்தான் விற்றார்கள்.

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8, பழைய 500, 1000 நோட்டு செல்லாது. வழிகாட்டி மதிப்புக்கு (பத்திரப் பதிவுக்காக அரசு வைத்த விலை) மேல் ரொக்கமாகக் கைமாறிய பணத்தில்தான் இந்தத் தொழிலே ஓடியது, அதுவும் நின்றது. 2017 மே மாதம் அந்த மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வரன்முறை விதிகள் வந்தன, கட்டணம் கட்டத்தான் கையில் காசில்லை. ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் அதைச் சொல்லியே விலையை அடித்தார்கள்.

தடைதான் அவரைக் கவிழ்த்தது என்று கடைவீதியில் இன்றும் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூட்டை என்றால் பாதி விலைக்காவது தள்ளியிருப்பார். மனையைத் தள்ள வழியில்லை, வட்டியோ ஞாயிற்றுக்கிழமைகூட நிற்காது. அந்தக் கடனுக்கு ஜவ்வரிசிக் கிடங்கை ஈடு வைத்திருந்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நானும் வாய் திறக்கவில்லை.

கிடங்கு போனது, அடுத்து வீடு. வீட்டை விற்ற பணத்தில், மனைக்கு மாதத் தவணை கட்டியவர்களுக்குத்தான் முதலில் திருப்பினார். டீக்கடைக்காரர், தறிக்காரர், லோடுமேன் என்று ஒவ்வொரு பெயராக நான் வாசிக்க, அவர் எண்ணிக் கொடுத்தார். கடைசிப் பெயர் என்னுடையது. மாதம் 1,500 வீதம் 20 மாதம் கட்டியிருந்தேன். 30,000 ரூபாயை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாங்கிக்கொண்டேன்.