ஷூவுக்குள் போன், பெட்டிக்குள் 25 டிஸ்க்: ‘கெட் ஸ்மார்ட்’ டிவிடி வாங்குவோருக்குக் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் ‘கெட் ஸ்மார்ட்’ தொடரின் டிவிடியை வாங்கிவரச் சொல்ல இருக்கிறோம். முழுப் பெட்டியாகவும் கிடைக்கிறது, சீசன் சீசனாகவும் கிடைக்கிறது. எதைச் சொல்வது?

பதில்: முதலில் கணக்கு. ஷூவுக்குள் போன் வைத்திருக்கும் உளவாளி ஸ்மார்ட்டைப் பற்றி மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும் உருவாக்கிய இந்த நகைச்சுவைத் தொடர் 1965 முதல் 1970 வரை ஓடியது. நான்கு சீசன் என்.பி.சி. என்ற அமெரிக்க சேனலில் வந்தது, ஐந்தாவது சி.பி.எஸ். சேனலில். முதல் இரண்டு சீசனுக்குத் தலா 30 எபிசோட், மற்ற மூன்றுக்கும் தலா 26. ஆக மொத்தம் 138.

டைம் லைஃப் 2006-இல் வெளியிட்ட முழுப் பெட்டியில் 25 டிஸ்க். ஒவ்வொரு சீசனுக்கும் நான்கு டிஸ்க்கில் எபிசோட்கள், ஐந்தாவதில் பேட்டி, பழைய விளம்பரம் போன்ற கூடுதல் சமாச்சாரங்கள். 2008 முதல் எச்.பி.ஓ. தனித்தனியாக விற்ற சீசன்களில் அந்த ஐந்தாவது டிஸ்க் கிடையாது, நான்கோடு சரி. எபிசோட் மட்டும் போதும் என்றால் தனி சீசன்களே போதும். அதிலும் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு சீசனை வாங்கிப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யலாம். நான்காவது சீசனில் ஸ்மார்ட்டுக்கும் சக உளவாளி 99-க்கும் கல்யாணமாகிறது, ஐந்தாவதில் இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிடுகின்றன. உளவு குறைந்து குடும்பம் கூடிவிடுகிறது, எங்கள் கணக்கில் ஐந்தாவதைக் கடைசியாக வாங்கினால் போதும்.

பழைய பெட்டி வாங்குவதானால் விற்பவரிடம் “முழுசா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். 25 டிஸ்க்கையும் பரப்பி, எழுத்துள்ள பக்கம் தெரிய ஒரு படம், மறுபக்கம் தெரிய ஒரு படம் கேளுங்கள். காணாமல் போகும் டிஸ்க் பெரும்பாலும் நடுவில் ஏதோ ஒன்று. அதை மட்டும் தனியாகத் தேடி வாங்குவது லேசில் நடக்காது. மறுபக்கம் ஊதா அல்லது நீலச் சாயலில் இருந்தால் அது கம்ப்யூட்டரில் எழுதிய நகல். தொழிற்சாலையில் அச்சான டிஸ்க் வெள்ளி நிறமாகவோ லேசான தங்க நிறமாகவோ இருக்கும். “முழுத் தொடரும் 10 டிஸ்க்கில்” என்று யாராவது விற்றாலும் கை வைக்க வேண்டாம். எபிசோடுக்குச் சுமார் 25 நிமிடம் என்றால் மொத்தம் 57 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. 8.5 ஜிபி டிஸ்க் ஒன்றில் மூன்று மணி நேரம் வைத்தால் படம் தெளிவாக இருக்கும். கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்தைத் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

கேள்வி: முதல் எபிசோட் கறுப்பு வெள்ளையில் வருகிறது. டிஸ்க் பழுதா?

பதில்: இல்லை. ‘மிஸ்டர் பிக்’ என்ற அந்த முதல் எபிசோடைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார்கள். மற்ற 137-உம் கலர்.

இரண்டாவது எபிசோடும் கறுப்பு வெள்ளையாக வந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் பழுது டிஸ்க்கில் இருக்காது. அமெரிக்க டிஸ்க் என்.டி.எஸ்.சி. என்ற டிவி சிக்னல் முறையில் இருக்கும், நம் பழைய டிவிகள் பி.ஏ.எல். என்ற வேறு முறையில். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏ.வி. வயரில் இணைத்திருந்தால் சில பழைய டிவிகளுக்கு என்.டி.எஸ்.சி. கலர் பிடிபடாது. கலர் போய்விடும், சிலவற்றில் படம் மேலும் கீழுமாக உருளும். டிவி மெனுவில் ‘கலர் சிஸ்டம்’ என்பதை ‘ஆட்டோ’வுக்கு மாற்றுங்கள். சரியாகவில்லை என்றால் பிளேயர் மெனுவில் வெளியீட்டை ‘பி.ஏ.எல்.’ என்று வையுங்கள். எச்.டி.எம்.ஐ. வயர் போட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

கேள்வி: அமெரிக்க டிஸ்க் நம் ஊர் பிளேயரில் ஓடுமா?

பதில்: பிளேயர் நம் ஊர் ரீஜனில் மட்டும் இருந்தால் ஓடாது. ரீஜன் என்பது டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளில் ஓட வேண்டும் என்று குறிக்கும் எண். அமெரிக்காவும் கனடாவும் ரீஜன் 1. இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4. பிளேயரின் பின்பக்கம் பூகோள உருண்டைப் படத்துக்குள் இருக்கும் எண்தான் அதன் ரீஜன். ‘ஆல்’ என்றோ 0 என்றோ இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் உங்கள் மாடல் எண்ணோடு ‘ரீஜன் கோடு’ என்று இணையத்தில் தேடுங்கள். பல பிளேயர்களில் டிரேயைத் திறந்து வைத்து ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் மறைந்திருக்கும் மெனு வரும். அங்கே 0 வைத்தும் சில டிஸ்க் மறுக்கும், ரீஜன் 0 பிளேயர்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் பூட்டு அவற்றில் உண்டு. அப்போது 1 வைத்தால் ஓடிவிடும்.

கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள் கவனிக்க: டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவதாக வைத்தது அப்படியே பூட்டிக்கொள்ளும். யு.எஸ்.பி. டிரைவ் ஒன்றைத் தனியாக வாங்கி ரீஜன் 1-இல் வைத்துவிடுவது நல்லது.

அமெரிக்காவிலிருந்து பிளேயரையும் சேர்த்துக் கொண்டுவருவதானால் அடியில் உள்ள மின்சார விவரத்தைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றினாலே போதும். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியதுமே போய்விடும்.

ஆஸ்திரேலியப் பதிப்பு கிடைத்தால் பின்னட்டையைப் பாருங்கள். ‘பி.ஏ.எல்.’ என்றிருந்தால் நொடிக்கு 24 சட்டமாக (ஃபிரேம்) எடுத்த படத்தை 25-ஆக ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். 25 நிமிட எபிசோட் 24 நிமிடத்தில் முடியும். வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், வேகம்தான் 4 சதவீதம் கூடியிருக்கிறது. ஸ்மார்ட்டாக நடித்த டான் ஆடம்ஸின் மூக்கு வழிக் குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்கக்கூடும், அவ்வளவுதான்.

கேள்வி: எல்லோரும் குள்ளமாகவும் பருமனாகவும் தெரிகிறார்கள். என்ன செய்வது?

பதில்: இது 4:3 அளவில் எடுத்த தொடர், உங்கள் டிவி 16:9. இடமும் வலமும் கறுப்புப் பட்டை வந்தால்தான் படம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். டிவி ரிமோட்டில் ‘4:3’ தேர்ந்தெடுங்கள். ‘ஜூம்’ வேண்டாம், தலையும் ஷூ போனும் வெட்டுப்படும். பிளேயர் 1080-க்கு உயர்த்தி அனுப்பினால் டிவியில் 4:3 பொத்தானே வேலை செய்யாமல் போகலாம். அப்போது பிளேயர் மெனுவில் ‘16:9 பில்லர் பாக்ஸ்’ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெளியீட்டை 480-க்கு இறக்குங்கள், டிவியில் பொத்தான் உயிர் பெறும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு புகார், திரையில் வசன எழுத்து வரவில்லை என்பது. அட்டையில் ‘சி.சி.’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சப்டைட்டில் அல்ல. அந்த எழுத்து பழைய ஏ.வி. சிக்னலுக்குள் ஒளிந்து வருவது, எச்.டி.எம்.ஐ.யில் வராது. கம்ப்யூட்டரில் வி.எல்.சி. மென்பொருளில் சப்டைட்டில் மெனுவைத் திறந்தால் ‘குளோஸ்டு கேப்ஷன்ஸ் 1’ என்று காட்டும். வசனம் கேட்கவில்லை என்ற புகாரும் வரும்: ரகசியம் பேசுவதற்கான ‘கோன் ஆஃப் சைலன்ஸ்’ என்ற ஒளிபுகும் கூண்டுக்குள் ஸ்மார்ட்டும் அவருடைய மேலதிகாரி சீஃபும் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது. அது நகைச்சுவை, ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: பழைய டிஸ்க் ஒன்று நாலாவது எபிசோடில் மட்டும் நிற்கிறது. முதலும் கடைசியும் நன்றாக ஓடுகின்றன. ஏன்?

பதில்: வெளி விளிம்பில் கைரேகையோ கீறலோ இருக்கும். இரட்டை அடுக்கு டிஸ்க்கில் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படித்து, இரண்டாவதை வெளியிலிருந்து உள்ளே படிக்கும். ஏழெட்டு எபிசோட் உள்ள டிஸ்க்கில் நடு எபிசோட்தான் விளிம்பில் விழும். ஒரு நொடி மட்டும் தயங்கிவிட்டு ஓடினால் அது அடுக்கு மாறும் இடம், பழுதல்ல. நின்றேவிட்டால் மென்மையான துணியை லேசாக நனைத்து நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் பதிவுத் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும், அதைப் பிளேயரால் சமாளிக்க முடியாது. பற்பசை வைத்தியமும் வேண்டாம்.

நடுத் துளையைச் சுற்றி விரிசல் தெரிந்தால் அந்த டிஸ்க்கை ஓட்டாதீர்கள், டிரைவுக்குள் உடைந்து சிதறலாம். இறுகப் பிடிக்கும் பெட்டியிலிருந்து வளைத்து இழுப்பதால் வருவது அது. நடுப் பொத்தானை ஒரு விரலால் அழுத்திக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

கேள்வி: ஒரே டிஸ்க்கில் ‘கெட் ஸ்மார்ட்’ மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: அது 2008-இல் ஸ்டீவ் கரெல் நடித்து வந்த திரைப்படமாக இருக்கும். 1995-இல் வந்த தொடரும் இதே பெயரில் உண்டு, அது ஏழே எபிசோட். 1989-இன் ‘கெட் ஸ்மார்ட், அகெய்ன்!’ தொலைக்காட்சிப் படம். அட்டையில் டான் ஆடம்ஸ், பார்பரா ஃபெல்டன், எட்வர்ட் பிளாட் மூவர் பெயரும் சீசன் எண்ணும் இருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.