மியூனிக்கில் வாங்கிய அவகாசம் யாருக்குப் பயன்பட்டது?

கேள்வி: யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதுகிறேன். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியான சூடட்டன்லாந்தைப் பிரிட்டனும் பிரான்ஸும் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தம் கோழைத்தனமா, போருக்குத் தயாராக அவகாசம் வாங்கிய சாமர்த்தியமா என்று கேட்டால், இரண்டு பக்கமும் எழுதிவிட்டு நடுவில் நின்றுவிடுகிறேன். மதிப்பெண் ஏறவே இல்லை. எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் விடையில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் என்ன நினைத்துக் கையெழுத்திட்டார் என்பது ஒன்று. அந்தக் கையெழுத்தால் யார் பலம் பெற்றார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். விடை தானாகவே ஒரு பக்கம் சாயும்.

முதலில் நோக்கம். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதினால் திருத்துபவருக்குச் சலிப்புதான் வரும். முதல் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியை அளவுக்கு மீறித் தண்டித்துவிட்டது என்ற எண்ணம் லண்டனில் பரவலாக இருந்தது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றோடும் ஒரே சமயத்தில் மோத முடியாது என்று முப்படைத் தளபதிகளே எச்சரித்திருந்தார்கள். குண்டு விழும் பயத்தில் லண்டன் பூங்காக்களில் பதுங்குகுழி வெட்டினார்கள், மக்களுக்கு விஷவாயு முகமூடி கொடுத்தார்கள். கனடாவும் தென்னாப்பிரிக்காவும் செக்கோஸ்லோவாக்கியாவுக்காகச் சண்டைக்கு வரத் தயாராக இல்லை.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் ‘அவகாசம் வாங்கத்தான் போனார்’ என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. செப்டம்பர் 30 அன்று ஊர் திரும்பியவர் ‘நம் காலத்துக்கான அமைதி’ என்றுதான் அறிவித்தார். போர் விமான உற்பத்தி தொடர்ந்து நடந்தது. அதை மறைக்காமல் எழுதுங்கள். தரைப்படையின் கதை வேறு. பிராந்திய ராணுவத்தை (பகுதிநேரத் தன்னார்வப் படை) இரட்டிப்பாக்கும் அறிவிப்பு 1939 மார்ச் இறுதியிலும், கட்டாய ராணுவ சேவை ஏப்ரலிலும்தான் வந்தன. இரண்டுமே மார்ச் 15 அன்று ஜெர்மன் படை செக் தலைநகர் பிராகுக்குள் நுழைந்த பிறகு நடந்தவை. ஓராண்டில் போர் வரும் என்று உள்ளூர நம்பியவர் முதல் ஆறு மாதத்தை இப்படிக் கழித்திருப்பாரா? அமைதி கிடைத்துவிட்டது என்றே அவர் நம்பினார், அவகாச வாதம் பிற்பாடு சேர்ந்தது என்பது என் கணிப்பு. நீங்கள் மறுக்கலாம், மறுத்தால் ஆதாரத்தோடு மறுங்கள்.

விளைவுக்கு வருவோம். உங்கள் விடையில் பாதி இடத்தை இதற்கே கொடுங்கள். பிரிட்டனுக்கு வானில் லாபம் கிடைத்தது, சந்தேகமில்லை. 1938 செப்டம்பரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் முதல் படையணிக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன; ரேடார் நிலையங்களும் சிலவே இயங்கின. 1940இல் பிரிட்டன் வான்போரில் தாக்குப்பிடிக்க இவை இரண்டும் பெரிய காரணம்.

பெரும்பாலான விடைகள் இந்த இடத்தோடு நின்றுவிடும். அந்தக் காலத்தில் ஜெர்மனியும் சும்மா இருக்கவில்லையே! செக் நாட்டின் எல்லைக் கோட்டைகள் பெரும்பாலும் சூடட்டன்லாந்திலேயே இருந்தன. வேலியைப் பிடுங்கிக் கொடுத்தபின் வயலைக் காப்பது யாரால் முடியும்? ஆறு மாதத்தில் மிச்ச நாடும் போயிற்று. ஸ்கோடா ஆயுத ஆலைகளும் செக் படையின் டாங்கிகளும் ஹிட்லர் கைக்குப் போயின. 1940 மே மாதம் பிரான்ஸைத் தாக்கிய பத்து ஜெர்மன் பன்சர் (டாங்கிப் படை) டிவிஷன்களில் 6, 7, 8 ஆகிய மூன்றும் முக்கியமாகச் செக் டாங்கிகளை வைத்தே போரிட்டன. அதில் 7ஆவது டிவிஷன் பிரபல ஜெர்மன் தளபதி ரோம்மெலுடையது. இந்த ஒரு தகவலுக்கே விடை தனித்துத் தெரியும்.

சோவியத் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். 1935 ஒப்பந்தப்படி, பிரான்ஸ் முதலில் உதவிக்கு வந்தால்தான் செக்கோஸ்லோவாக்கியாவுக்குச் சோவியத் உதவி கிடைக்கும். மியூனிக்குக்கு ஸ்டாலினை அழைக்கவே இல்லை. 1939 ஆகஸ்ட் 23 அன்று அவர் ஹிட்லரோடு கைகோத்தார். 1938இல் போர் வந்திருந்தால் சோவியத் படை உண்மையில் வந்திருக்குமா என்பது விவாதத்துக்குரியது. போலந்தும் ருமேனியாவும் வழி விட வேண்டுமே. ஆனால் 1939இல் அந்தக் கதவு முற்றாக மூடிவிட்டது.

முன்கதைக்கு இரண்டு வரி போதும்: 1935 பிரிட்டன்–ஜெர்மனி கடற்படை ஒப்பந்தம், 1936 மார்ச்சில் ரைன்லாந்துக்குள் ஜெர்மன் படை நுழைந்தது, 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி இணைத்துக்கொண்டது. மாணவர்கள் வெர்சாயில் தொடங்கி மியூனிக்குக்கு வருவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது.

மியூனிக்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சேம்பர்லின், பிரெஞ்சுப் பிரதமர் டலாடியர், ஹிட்லர், முசோலினி நால்வர்தான் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். யாருடைய நிலம் பறிபோனதோ அந்தச் செக் நாட்டுப் பிரதிநிதிகள் ஹோட்டலில் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அதிபர் பெனெஷ் அக்டோபர் 5 அன்று பதவி விலகினார். கோழைத்தனம், சாமர்த்தியம் இரண்டுமே லண்டனிலிருந்து பார்க்கிற கேள்விகள். பிராகிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இடமிருந்தால் ஓரத்தில் ஒரு சிறு வரைபடமும் போடுங்கள்: ஆஸ்திரியா போனபின் பொஹீமியாவை (செக் நாட்டின் மேற்குப் பகுதி) ஜெர்மனி மூன்று பக்கமும் சூழ்ந்திருப்பது அதிலேயே தெரிந்துவிடும்.