மலை தெரியும் நாளுக்காகக் காத்திருக்க இடம் விடுங்கள்

கேள்வி: கோவையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். நானும் மனைவியும், 13 மற்றும் 8 வயதுடைய இரு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும் மே மாதத்தில் 14 நாட்கள் ஐரோப்பா செல்ல எண்ணியிருக்கிறோம். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லூசர்ன், இண்டர்லாக்கன், சால்ஸ்பர்க், வெனிஸ், ரோம் ஆகிய ஏழு ஊர்களையும் பார்த்துவிட முடியுமா? பயண நிறுவனத்தின் துணையில்லாமல் நாங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாமா?

பதில்: நீங்களே தாராளமாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் ஏழு ஊர்கள் வேண்டாம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ரயில் மூன்று மணி நேரத்தில் போய்விடும் என்று அட்டவணை சொன்னாலும், பெட்டிகளைக் கட்டி, அறையைக் காலி செய்து, ரயில் நிலையம் சேர்ந்து, புதிய ஊரில் பிற்பகல் வரை அறைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகல் பெரும்பாலும் முடிந்துவிடும். அங்கெல்லாம் சுமைகூலியாட்களை எதிர்பார்க்க முடியாது. அம்மாவின் பெட்டியையும் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆல்ப்ஸ் மலைகளை நாம் குறித்த தேதியில் பார்க்க முடியும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. மே, ஜூன் மாதங்களில் காலையில் தெளிந்திருக்கும் சிகரம் பிற்பகலில் இடிமேகத்துக்குள் மறைவதும், இரண்டு நாட்கள் தொடர்ந்து தலைகாட்டாமல் இருப்பதும் இயல்பானவை. ஒவ்வோர் ஊரிலும் ஓரிரவு, ஈரிரவு என்று திட்டமிட்டு வருபவர்கள் பெருந்தொகை கொடுத்துச் சிகரத்துக்கு ஏறி, வெண்பஞ்சுச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்குவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். மலையடிவாரத்தில் நான்கு இரவுகள் தங்குபவருக்கு அந்த நான்கில் ஒரு தெளிந்த காலையாவது அமைவதற்கு வாய்ப்பு அதிகம். பெரும்பாலான சிகரங்களில் நேரலைக் கேமராக்கள் இருப்பதால், காலை உணவின்போதே மேலே என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே நேர்கோடு: லூசர்னில் 4 இரவு, இண்டர்லாக்கன் பகுதியில் 4 இரவு, இத்தாலியில் கோமோ ஏரிக்கரை வரென்னாவில் 3 இரவு, வெனிஸில் 2 இரவு. விமானச்சீட்டை சூரிக்கில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்புவதாக எடுங்கள். வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சமாகும். பிள்ளைகள் பாரிஸைக் கண்டிப்பாகக் கேட்டால், இத்தாலியை முழுவதுமாக விட்டுவிட்டு, பாசல் நகரிலிருந்து சுமார் 3 மணி நேர அதிவேக ரயிலில் பாரிஸ் சென்று அங்கே பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்க்க முயல வேண்டாம். சால்ஸ்பர்க்கை அதன் சுற்றுவட்ட ஏரிகளோடும் மியூனிக்கோடும் சேர்த்து இன்னொரு கோடையில் பார்ப்பதே அழகு.

பள்ளி திறப்பதற்கு முன் திரும்ப வேண்டும் என்பதால், மே மாதத்தின் பிற்பாதியைத் தேர்ந்தெடுங்கள். மாதத் தொடக்கத்தில் சில கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கக்கூடும். உயரமான நடைபாதைகளில் பிற்பாதியிலும் பனி கிடக்கும். அந்தப் பனி உருகி ஓடுவதால் அருவிகள் அப்போது மிகுந்த வேகத்தோடு விழும். இண்டர்லாக்கன் அருகேயுள்ள லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டௌப்பாக் அருவியை அந்தப் பருவத்தில்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்காக முதலில் ரிகி மலையைச் சொல்வேன். லூசர்னிலிருந்து சுமார் ஒரு மணி நேரம் ஏரியில் படகில் சென்று விட்ஸ்னாவில் இறங்கினால், அங்கேயே பல்சக்கர ரயில் நிற்கும். 1871இல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். உச்சி சுமார் 1,800 மீட்டர்தான், ஊட்டியைவிடத் தாழ்வு. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயிலில் போன பிள்ளைகளுக்கு ஒரு செய்தியும் சொல்லுங்கள்: நீலகிரிப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை.

இண்டர்லாக்கன் பகுதியிலிருந்து ரயிலில் ஏறும் யுங்ஃபிராவ்யோக் பனிமலை வேறு கதை. அந்த ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவைவிட 800 மீட்டருக்கும் மேல் அதிகம். அம்மாவுக்கு இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் தொடர்பான சிக்கல் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அழைத்துச் செல்லாதீர்கள். கட்டணமும் மிக அதிகம் என்பதால், முந்தைய நாள் மாலை முன்னறிவிப்பைப் பார்த்த பின்னரே சீட்டு வாங்குங்கள். நீங்களும் பிள்ளைகளும் மேலே செல்லும் நாளில் அம்மாவும் உங்கள் மனைவியும் பிரியன்ஸ் ஏரியில் படகேறி, கீஸ்பாக் அருவிக்கு இழுவை ரயிலில் போய் வரலாம். பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவரும் நுண்துகள் நீரில் மிதப்பதால்தான் அந்த ஏரிக்கு அப்படியொரு பச்சை கலந்த நீலம் வருகிறது.

சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குத் தொடர்ச்சியாகக் கிடைக்கும். ரயில், பேருந்து, ஏரிப் படகு ஆகியவற்றோடு ரிகியும் அதில் அடங்கும். யுங்ஃபிராவ்யோக்கின் மேற்பகுதிக்குத் தள்ளுபடி மட்டுமே. 8 நாள் பாஸை வந்திறங்கும் நாளில் தொடங்காமல், இரண்டாம் நாளில் தொடங்குங்கள். சூரிக் விமான நிலையத்திலிருந்து லூசர்னுக்கு மட்டும் தனிச்சீட்டு வாங்கினால், ஒன்பதாம் நாள் இத்தாலி எல்லை நோக்கிச் செல்லும் நெடும்பயணமும் பாஸுக்குள் வந்துவிடும். இரு பிள்ளைகளுக்கும் சுவிஸ் ஃபேமிலி கார்டு கேட்டுப் பெறுங்கள். 6 முதல் 15 வயதுவரை பெற்றோருடன் பயணிக்கும் பிள்ளைகளுக்கு அது இலவசம். அதிகம் சுற்றாமல் ஓய்வெடுக்க விரும்பினால், அம்மாவுக்கு மட்டும் அரைக்கட்டண அட்டை லாபமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வரென்னாவிலும் வெனிஸிலும் அறையின் இருப்பிடம்தான் எல்லாம். வரென்னாவின் பழைய தெருக்கள் படிக்கட்டுகளாக ஏறுபவை; வெனிஸில் கால்வாய்ப் பாலம் ஒவ்வொன்றுக்கும் படிகள் உண்டு. முதல் ஊரில் படகுத்துறைக்கு அருகிலும், இரண்டாவதில் வப்பொரெட்டோ எனும் நீர்ப்பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலும் அறை எடுங்கள். எடுக்குமுன் இடையில் எத்தனை பாலம், கட்டடத்தில் லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டு விடை பெறுங்கள். விலை சற்றுக் கூடினாலும் அம்மாவின் முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும்.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடைக்கான சந்திப்பு நேரங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் பிப்ரவரியைத் தாண்ட விடாதீர்கள். சுவிட்சர்லாந்து, இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை, அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் திட்டத்தில் அது சுவிட்சர்லாந்து. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடும், திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் ஒவ்வொருவருக்கும் தேவை. விசா கைக்கு வரும்வரை அறைகள் அனைத்தும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியவையாகவே இருக்கட்டும்.

சுவிட்சர்லாந்தில் உணவகச் செலவு மிக அதிகம் என்பதால், அங்குள்ள 8 இரவுகளுக்கும் சமையலறையுள்ள குடியிருப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை தவிரப் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்; சனிக்கிழமையே காய்கறியும் பாலும் வாங்கி வையுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு செல்லலாம். நெய், பால்கோவா, இறைச்சி சேர்ந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து செல்லும் பயணிகள் அவற்றைக் கொண்டுவர அங்கே அனுமதியில்லை. கறிவேப்பிலைக்கும், மே மாதம் என்பதால் மனம் கேட்காமல் எடுத்துவைக்கத் தோன்றும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்; அவற்றை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.