ஸ்டென்ட்டுக்கு எவ்வளவு வாங்கலாம்?

கேள்வி: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தோம். வைத்தது ஒரே ஸ்டென்ட் (அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்தே வைக்கும் சின்ன வலைக்குழாய்). பில்லில் ‘ஸ்டென்ட் மற்றும் உபகரணங்கள் ரூ. 1,35,000’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. கேட்டால், “இம்போர்ட்டட் சார், அப்படித்தான் வரும்” என்கிறார்கள். இது நியாயமா?
– மதுரை வாசகர்

பதில்: அந்த ஒற்றை வரியே தப்பு. ஸ்டென்ட்டின் விலை, பிராண்ட், தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண் எல்லாம் பில்லில் தனியாக இருக்க வேண்டும்.

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியதற்கு ரூ. 29,600, வெறும் உலோகத்துக்கு ரூ. 7,260. மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி இது மாறிக்கொண்டே வரும். 2025-இல் மருந்து பூசியது 39 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. ஜிஎஸ்டி தனி. உள்ளூர்ச் சரக்கு, வெளிநாட்டுச் சரக்கு என்ற பேதம் இதில் கிடையாது. ஆக, ‘இம்போர்ட்டட்’ சமாதானம் செல்லாது.

சரி, மீதி 90 ஆயிரத்துச் சொச்சம்? அடைப்பை விரிக்கும் பலூன், அதைக் கொண்டுபோக உதவும் கைட் வயர் என்ற மெல்லிய கம்பி, கத்தீட்டர் என்ற குழாய் இவற்றுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி.தான் எல்லை. ஸ்டென்ட்டில் விட்டதைப் பலூனில் பிடிக்கிறார்கள் என்ற புகார் 2017-லேயே கிளம்பியது. அதனால் உருப்படி வாரியாக பில்லை எழுத்தில் கேளுங்கள். எத்தனை பலூன், ஒவ்வொன்றும் என்ன விலை என்பது அதில் வரட்டும்.

ஸ்டென்ட் பெட்டிக்குள் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். பிராண்ட், பேட்ச் எண், ‘3.0 x 28’ மாதிரி மில்லிமீட்டர் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்று நோயாளிக்குத் தரும் அட்டையில் வரும். அந்த பேட்ச் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றுதானா என்று பாருங்கள். அட்டை கைக்கு வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

வரம்பைத் தாண்டி வாங்கியிருந்தால் விலை நிர்ணய ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். உங்கள் பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், சில மருத்துவமனைகள் அதற்கே இறங்கி வரும்.

அப்புறம், இந்தத் தகராறில் அங்கே மறுபரிசோதனைக்குப் போகப் பிடிக்காவிட்டால் வேறு இதய மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளை மட்டும் அவரைக் கேட்காமல் அப்பா நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டால் மறுபடியும் மாரடைப்புதான்.