படர்தாமரைக் களிம்பு: ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: சேலம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். ஏற்காடு அடிவாரத்தில் மாமா தோட்டத்தில் சீமை அகத்தி நிறைய வளர்கிறது. அந்த இலையைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்து, படர்தாமரைக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். கிரீமாக்கி விற்க ஆசை. ஒரு ஏஜென்ட் நாற்பதாயிரம் கேட்கிறார். லைசென்ஸ், டப்பா, ரெடிமேட் கிரீம் எல்லாம் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இப்படிப்பட்டவர்கள் கையில் தருவது பெரும்பாலும் சிறுதொழில் நடத்துகிறோம் என்று பதியும் உத்யம் சான்றிதழும், தர நிர்வாகத்துக்கான ஒரு ஐஎஸ்ஓ காகிதமும்தான். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டில் எதை வைத்துக்கொண்டும் மருந்து செய்து விற்க முடியாது.

எனக்கு அதைவிடப் பயம் அந்த ரெடிமேட் கிரீம்மேல்தான். 'மூலிகை' என்று ஒட்டிய டப்பாவுக்குள் குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்து வருவதுண்டு. பூசிய இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், வாங்கியவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை மட்டும் சாகாது. வட்டம் கலைந்து தொடை, இடுப்பு என்று பரவும். தோல் மெலிந்து கோடு கோடாகப் பிளக்கும். பிறகு டாக்டரே பார்த்தாலும் படர்தாமரை என்று கண்டுபிடிக்கத் திணறுவார். டப்பாவில் இருப்பது உங்கள் பெயர், வழக்கு வந்தால் உங்கள்மேல்தான் வரும். ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்தாயிற்று. இன்றும் எந்தத் தெருக் கடையிலும் கேட்டால் எடுத்து நீட்டுகிறார்கள். அதை யாரும் தடுக்கக் காணோம்; நேர்மையாக இலை காய்ச்சுகிறவர் மட்டும் காகிதத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் வழி என்ன? படர்தாமரை குணமாகும் என்று லேபிளில் போட்டாலே அது மருந்துதான். அழகுசாதனம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இந்த மாதிரி மூலிகை மருந்தைச் சித்த மருந்தாகத் தயாரிக்க 25-டி என்ற உரிமம் வேண்டும். அதற்கு 1,200 சதுர அடி இடம், தகுதியுள்ள ஆட்கள் என்று நீளமாகக் கேட்பார்கள். வீட்டில் முடியாது. ஏற்கெனவே உரிமம் உள்ள சித்த மருந்துக்கூடத்தில் உங்கள் மருந்தைச் செய்துகொள்ளும் 25-இ, அதாவது கடன் உரிமம், உங்களுக்கு ஏற்றது. விண்ணப்பம் இப்போது அரசின் ஈ-ஔஷதி இணையதளத்தில். நீங்களே போடலாம். சட்டம் ஏற்ற சித்த நூல்களில் உள்ள செய்முறையை அப்படியே பின்பற்றினால் வேலை பாதியாகக் குறையும். சொந்தச் செய்முறையில் மருந்து கூட்டினால், வேலை செய்கிறது என்பதற்குத் தனிச் சான்று காட்ட வேண்டும்.

'வைத்தியருக்கு லைசென்ஸ் வேண்டாமாமே?' என்று பலர் கேட்கிறார்கள். அப்படி ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது சின்ன வாசல். பதிவு பெற்ற வைத்தியர் தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே செய்து கொடுக்கலாம். அவ்வளவுதான். அவர் மனைவி கடையில் வைத்து விற்கலாமா? கூடாது. ஊர் தெரியாதவருக்குக் கூரியரில் அனுப்பலாமா? கூடாது. தாத்தா வைத்தியர், எனக்குப் பதிவில்லை என்றால்? அப்போதும் கூடாது. வைத்தியர் பெயரை மட்டும் வாடகைக்கு வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கிரீம் ஆசையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கிரீமில் தண்ணீர் உண்டு. கெடாமல் காக்கும் பொருள் சரியான அளவில் இல்லாவிட்டால் பூஞ்சைக்கான மருந்திலேயே பூஞ்சை பூக்கும். தேன்மெழுகுக் களிம்பில் அந்தத் தொல்லை குறைவு. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் இலைச்சாறு பூஞ்சையைத் தடுத்தது என்று ஒரு கல்லூரி ரிப்போர்ட் கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் தோலில் அது இறங்குமா என்பதை அந்தத் தட்டு சொல்லாது. அனுமதி பெற்ற ஆய்வகத்தில் நச்சு உலோகங்களான ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கிறதா என்று பாருங்கள்.

அதுவரை உங்களிடம் வருகிறவர்களை முதலில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்புங்கள். தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.